ஏணி யாருக்கு? பாம்பு யாருக்கு?

வகுப்பறையில் தூங்குகிறான், கைப்பேசியைக் கொடுத்தால் விழித்துக்கொள்கிறான்! ஏழாம் வாய்ப்பாடு ஏழு நாளாகியும் அவன் மனத்தில் நிற்கவில்லை. ஆனால், ஆட்டத்திலே வருகிற நாற்பது வீரர்களின் பெயரைச் சொல்கிறான். எவனுக்கு என்ன பலம், எவனுக்கு என்ன பலவீனம், எந்த ஆயுதம் எத்தனை அடிக்குத் தாங்கும், எத்தனை புள்ளி சேர்ந்தால் அடுத்த கதவு திறக்கும் என்று தலைகீழாக ஒப்பிக்கிறான். "பிள்ளை கெட்டுப்போனான்" என்கிறார் தகப்பனார். "இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது" என்கிறார் வாத்தியார். ஏறாத மண்டையில்தான் இத்தனையும் ஏறி உட்கார்ந்திருக்கின்றனவா?

நெரவிக் கடைத்தெருவிலும் சரி, திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையோரத்திலும் சரி, மாலை வேளையில் நான்கு சிறுவர்கள் ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குனிந்திருக்கும் காட்சியைக் காணாதவர் இல்லை. காண்கிறோம், கடிகிறோம், கடந்து போகிறோம். நின்று யோசித்தோமா? ஓய்ந்து வந்து சாய்கிற தகப்பனுக்கு யோசிக்க நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோழர்களே! அந்தச் சிறுவன் சோம்பேறி அல்லன். அவன் மணிக்கணக்கில் உழைக்கிறான், தோற்கிறான், மறுபடியும் உழைக்கிறான். கூலி கிடையாது, பாராட்டுக் கிடையாது, வீட்டிலே வசவுதான் கிடைக்கிறது. அப்படியும் உழைக்கிறான். இந்த உழைப்பைப் பாடத்தின் பக்கம் திருப்ப முடியுமா? முடியும் என்று உலகத்திலே பலர் செய்து காட்டியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலே, மின்சாரமும் இல்லாமல் கண்ணாடித் திரையும் இல்லாமல், வெறும் அட்டையையும் பாயையும் வைத்துக்கொண்டு செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குழாய்த் தொழிலாளி கற்றுத்தரும் பாடம்

வீடியோ விளையாட்டு உலகத்திலே பெரும்புகழ் பெற்ற கதாநாயகன் யார் தெரியுமா? இளவரசன் அல்லன், படைத்தலைவன் அல்லன். மரியோ என்கிற குழாய்த் தொழிலாளி! ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1981இல் வெளியிட்ட ஆட்டத்தில் முதன்முதலாகத் தச்சனாக வந்தான். பிறகு குழாய் வேலைக்காரனானான். 1985இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' அவனை உலகத்து வீடுகளுக்குள் எல்லாம் அழைத்துச் சென்றது.

அந்த ஆட்டத்தின் முதற்கட்டத்தைப் பாருங்கள். எப்படி ஆடுவது என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. மரியோ நிற்கிறான், எதிரே வெற்றிடம், அதனால் நடக்கத் தோன்றுகிறது. நடந்தால் ஒரு சிறு பகைவன் எதிரே வருகிறான். சும்மா நின்றால் சாவு. மறுமுறை, தாண்டிப் பார்க்கத் தோன்றுகிறது. தாண்டினால் பிழைக்கிறான், தாண்டும்போது தலைக்கு மேலே இருக்கிற கல்லில் முட்டினால் காசு விழுகிறது. ஆக, நடக்கவும் தாண்டவும் முட்டவும் மூன்று பாடங்கள், அரை நிமிடத்தில், பிரம்பு இல்லாமல் முடிந்துவிட்டன! அதற்குப் பிறகு வருகிற பள்ளம் சற்றுப் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. முதலாவதைத் தாண்டியவனுக்குத்தான் இரண்டாவது.

இந்த ஏற்பாட்டிலே நான்கு நியாயங்கள் இருக்கின்றன. ஆடுகிறவன் எங்கே நிற்கிறானோ அங்கிருந்துதான் ஆட்டம் தொடங்குகிறது. இது முதல் நியாயம். செய்தது சரியா தவறா என்று அந்தக் கணமே தெரிகிறது, ஆறு மாதம் கழித்து வருகிற பரீட்சைத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இது இரண்டாவது. அடுத்த படி எது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, இது மூன்றாவது. நான்காவதுதான் தலையாயது: விழுந்தவன் மீண்டும் ஆடலாம். "நீ தோற்றவன், வெளியே போ" என்று எந்த ஆட்டமும் சொல்வதில்லை. "இன்னொரு முறை?" என்றுதான் கேட்கிறது.

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே பக்கம். படகுக்காரர் மகனும், அரிவாள் பிடித்து அறுவடைக்குப் போகிற அம்மாவின் மகளும், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுகிற அதிகாரியின் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பதாகப் பாவனை! கூட்டல் தெரியாதவனுக்குப் பெருக்கல். பெருக்கல் தெரியாதவனுக்குப் பின்னம். முதற்பள்ளத்திலேயே விழுந்து கிடக்கிறவனைப் பார்த்து மூன்றாவது பள்ளத்தைத் தாண்டச் சொன்னால் அவன் என்ன செய்வான்? தூங்குவான். தூக்கம் என்பது அவனுடைய மறுப்பு.

பரமபதமும் படிப்பும்

"ஆட்டத்தால் பாடம் நடத்துவது மேல்நாட்டு மோகம்" என்று சிலர் கூறுவர். நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடினார்களே, அது என்ன? பதினான்கு குழி, கைநிறையப் புளியங்கொட்டை. எந்தக் குழியில் எடுத்தால் எந்தக் குழியில் தீரும் என்று மனக்கணக்கு. எழுத்துக்கூடத்தின் வாசற்படியை மிதிக்க விடாமல் வைக்கப்பட்டிருந்த பெண்கள், திண்ணையிலே உட்கார்ந்து கணக்குப் பயின்ற பள்ளிக்கூடம் அது!

இன்னோர் ஆட்டமும் நம்மிடம் உண்டு; பரமபத சோபனம். வைகுண்ட ஏகாதசி இரவிலே கண் விழிக்க ஆடுவார்கள். புண்ணியம் செய்தவனுக்கு ஏணி. பாவம் செய்தவனுக்குப் பாம்பு. இங்கிருந்துதான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய்ப் 'பாம்பும் ஏணியும்' ஆயிற்று இவ்வகை ஆட்டம். அதுவும் ஒரு பாடம் நடத்தியது. என்ன பாடம்? தாயக்கட்டை விழுந்தபடி நடக்கும். உன் கையில் ஒன்றுமில்லை என்கிற பாடம்! நன்றாக ஆடியவனுக்கும் பாம்பு வாய் திறக்கலாம். ஒன்றும் செய்யாதவனுக்கும் ஏணி கிடைக்கலாம். யோசிக்க வேண்டாம், உழைக்க வேண்டாம், உருட்டினால் போதும். விதியைக் கட்டமாக வரைந்து, பிள்ளைகள் கையில் கொடுத்த ஆட்டம் அது.

சொல்ல வருவது இதுதான்: ஆட்டத்தின் மேற்பூச்சு பாடம் நடத்துவதில்லை, ஆட்டத்தின் விதிமுறைதான் பாடம் நடத்துகிறது. உருட்டினால் நகரும் என்பது விதிமுறையானால், பிள்ளை விதியைக் கற்கும். முயன்றால் நகரும் என்பது விதிமுறையானால், பிள்ளை முயற்சியைக் கற்கும். நம் பள்ளிக்கூடம் எந்த விதிமுறையில் நடக்கிறது? எந்த வீட்டில் பிறந்தாய் என்கிற தாயக்கட்டை விழுந்தபடிதானே இன்னமும் பல பிள்ளைகளின் காய் நகர்கிறது!

எல்லைக்கு அப்பால் ஏறிய ஏணி

நெரவியிலிருந்து தெற்கே போனால் திருமலைராயன்பட்டினம். அதைத் தாண்டினால் வாஞ்சூர். அதற்கப்பால் தமிழ்நாட்டு எல்லை, நாகூர். மிதிவண்டியில் போய்வருகிற தூரம். அந்த எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஏணி நாட்டப்பட்டது. 'செயல்வழிக் கற்றல்' என்பது அதன் பெயர்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கிற்று. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியினர் சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறைதான் முன்மாதிரி. அதற்கும் முன்னோடி, இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். சென்னையில் தொடங்கியது, 2007இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

வகுப்புக்குள் நுழைந்தால் என்ன காட்சி? பெஞ்சு இல்லை, பாய். ஆசிரியரும் பாயில். சுவரிலே பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை. அலமாரியிலே தட்டுத் தட்டாக அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் விலங்கு, பறவை போன்ற ஒரு படச் சின்னம். சுவரில் தொங்குகிறது ஓர் ஏணிப்படம். பாடம் முழுவதும் அந்த ஏணியில் படி படியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை தானே ஏணியைப் பார்க்கிறது. தான் நிற்கிற படி எது என்று அறிகிறது. அதற்குரிய சின்னம் போட்ட அட்டையை எடுக்கிறது. தன் குழுவில் போய் உட்காருகிறது. அறிமுக அட்டை, பழகும் அட்டை, சோதிக்கும் அட்டை. தேறினால் அடுத்த படி. தேறாவிட்டால்? தண்டனை இல்லை, குறையைத் தீர்க்கும் அட்டை, பிறகு மறுபடியும் அதே படி. பத்து நாள் காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வகுப்பு ஓடிவிட்டதே என்று ஏங்காது.

ஆட்டக்காரச் சிறுவர்கள் 'லெவல்' என்கிறார்களே, அது இதுதான்! கோடிகளைக் கொட்டி ஆட்டம் தயாரிக்கிற நிறுவனங்களின் நுட்பம், நம் ஏழைப் பிள்ளைகளின் பாயிலே அட்டையாக விரிந்து கிடந்தது.

குறை இல்லையா? இருந்தது. மேலிருந்து உத்தரவாக வந்ததால், புரிந்துகொள்ளுமுன்னே செய்யவேண்டிய நெருக்கடி ஆசிரியர்களுக்கு. அட்டை கிழிந்தால் புது அட்டை வர நாளாகும். ஒவ்வொரு பிள்ளையின் படியையும் குறித்து வைக்கிற சுமை வேறு. பின்னாளில் அந்த முறை எளிமையாக்கப்பட்டது. பாடப்புத்தகத்துக்கு மறுபடியும் முதலிடம் வந்தது. ஆனால் விதை சாகவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலே, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று நிலைகள் வகுத்தார்கள்: அரும்பு, மொட்டு, மலர். பெயரைக் கவனியுங்கள் தோழர்களே! முதல், இரண்டாம், மூன்றாம் தரம் என்று முத்திரை குத்தவில்லை. அரும்பு என்றைக்கும் அரும்பாகவே நிற்பதில்லையே!

வெல்லப் பூச்சும் விளைந்த கரும்பும்

திரைக்கு வருவோம். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்திலே 1971இல் டான் ராவிட்ச் என்கிற பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டிலே மக்கள் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு மேற்கே ஆரிகன் நோக்கிப் போன கதை. தம்மோடு இருந்த இரு பயிற்சி ஆசிரியர்களின் துணையோடு அதைக் கணிப்பொறி ஆட்டமாக்கினார். திரைகூடக் கிடையாது, தட்டச்சு அடிக்கிற தொலைவரி இயந்திரம், காகிதத்தில் பதில் அச்சடித்துத் தரும். கையிலே இவ்வளவு பணம். மாட்டுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு? துணியைக் குறைத்தவன் மலையிலே குளிரில் வாடினான். உணவைக் குறைத்தவன் பாதி வழியில் பட்டினி கிடந்தான். 'ஆரிகன் டிரெயில்' என்னும் அந்த ஆட்டத்தில் கணக்கும் வரலாறும் தனித்தனியாக இல்லை. கணக்குத் தப்பினால் வரலாற்றில் செத்தான்!

நார்வே நாட்டில் 2012இல் 'டிராகன்பாக்ஸ்' வந்தது. இயற்கணிதம் என்றால் பெரியவர்களுக்கே நடுக்கம். அந்த ஆட்டத்திலோ முதலில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. விநோதப் பூச்சிகளின் படம் போட்ட அட்டைகள், நடுவிலே ஒரு பெட்டி. பெட்டியை ஒரு பக்கத்தில் தனியாக விடவேண்டும். ஒரு பக்கம் ஓர் அட்டை வைத்தால் மறுபக்கமும் வைக்கவேண்டும், அதுதான் சட்டம். கட்டம் நகர நகரப் பூச்சி மெல்ல எண்ணாகிறது. பெட்டி ஒரு நாள் 'எக்ஸ்' ஆகிவிடுகிறது. பிள்ளை, தான் சமன்பாடு போடுகிறோம் என்று அறியாமலே சமன்பாடு போட்டுக்கொண்டிருக்கிறது!

சுவீடனில் பிறந்த 'மைன்கிராஃப்ட்' ஆட்டத்தில் எல்லாமே கட்டிகள். ஒவ்வொரு கட்டியும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரச் சுவருக்கு எத்தனை கட்டி? முப்பது. கொத்தனார் பிள்ளைக்கு இது கணக்கா, கைவந்த கலையா? அந்த ஆட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கென்றே தனிப்பதிப்பாக மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்டது.

இன்னும் ஒன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008இல் 'ஃபோல்டிட்' என்றோர் ஆட்டம் வெளியிட்டார்கள். புரதம் எப்படி மடிந்து உருக்கொள்கிறது என்பதை ஆடுகிறவன் மடித்துப் பார்க்கலாம். எய்ட்ஸ் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, குரங்குகளைத் தாக்கும் கிருமி ஒன்றின் புரத உருவம் பத்தாண்டுக்கு மேலாக ஆய்வாளருக்கு அகப்படாமல் இருந்தது. 2011இல், உயிரியல் பட்டம் பெறாத சாதாரண ஆட்டக்காரர்கள் சில வாரங்களுக்குள் அதைக் கண்டு சொன்னார்கள்! பட்டம் இல்லாதவனுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது?

இவையெல்லாம் கரும்பு; உள்ளேயே இனிப்பு. ஆனால் கடைவீதியிலே இன்னொரு சரக்கும் விற்கிறார்கள். அதே பழைய வாய்ப்பாடு. பக்கத்திலே ஒரு பொம்மை கைதட்டும். சரியாகச் சொன்னால் நட்சத்திரம், தவறாகச் சொன்னால் அழுகுரல். கற்றல் ஆட்டம் என்று பெயர் சூட்டி, மாதச் சந்தா வசூலிக்கிறார்கள். அது வேப்பங்காய்க்கு வெல்லப் பூச்சு! வெல்லம் தீர்ந்ததும் துப்பிவிடுவான் பையன். ஒரு சோதனை சொல்கிறேன், தோழர்கள் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பாடத்தை நீக்கிவிட்டால் ஆட்டம் நடக்குமா? நடக்குமானால் அது பூச்சு. நடக்காதானால் அது படிப்பு.

யாருடைய கதை?

ஆரிகன் ஆட்டத்தைப் புகழ்ந்தேன். அதிலே ஒரு கேள்வியும் உண்டு. வண்டி பூட்டிப் போனவர்களின் கதை அது. அந்த வழியெல்லாம் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்களே, அந்த மண்ணின் பழங்குடி மக்கள், அவர்களுடைய கதை எங்கே? அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தை ஆடினார்கள். வண்டியின் மீது உட்கார்ந்தே வரலாற்றைப் பார்த்தார்கள். 2021இல் வந்த புதுப்பதிப்பில்தான் பழங்குடி வரலாற்றறிஞர்களைக் கலந்து திருத்தினார்கள். ஆட்டத்தை ஆக்குகிறவன் எவனோ, அவனே வரலாற்றை எழுதுகிறான். பாடப்புத்தகத்தில் ஒரு வரி தவறாக வந்தால் போராடுகிறோம். பிள்ளை நாளெல்லாம் ஆடுகிற ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா?

நம் கதையைச் சொல்ல ஆளில்லையா? இருக்கிறார்கள்! கனடா நாட்டு டொராண்டோவிலே 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனத்தார் 2023இல் ஓர் ஆட்டம் வெளியிட்டார்கள். பெயர், 'வெண்பா'. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. ஆயுதம் இல்லை, அடிதடி இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்திருக்கிறது; எழுத்து அழிந்திருக்கிறது. அழிந்த இடத்தை யோசித்து நிரப்பவேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டுக்கும் ஆவி ஏறும்? யோசி, அடுக்கு, வெந்ததா பார்! சமையலுக்கு நடுவே, தமிழ் பேசக் கூசுகிற மகனுக்கும் தாய்க்கும் இடையே வளர்கிற தூரத்தை ஆட்டம் சொல்கிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, புதியவர்களின் முதற்படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. இட்லியும் தமிழும் உலக மேடை ஏறின. யாரும் சிரிக்கவில்லை, எழுந்து கைதட்டினார்கள். தாழ்வு மனப்பான்மை நமக்கெதற்கு?

பாம்புகளையும் சொல்லவேண்டும்

ஆட்டத்தைப் புகழ்கிறேன் என்பதற்காக, கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கவலையற்றிருங்கள் என்று நான் சொல்வதாக எவரும் கருதவேண்டாம். மூன்று பாம்புகள் இருக்கின்றன.

முதற்பாம்பு, சூது. ஆட்டம் வேறு, சூது வேறு. சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி எச்சரித்தவர் வள்ளுவர். கைப்பேசியிலே ரம்மி என்று வந்து எத்தனை உழைப்பாளிக் குடும்பங்களின் தாலியை அடகுக்கடைக்கு அனுப்பியது! தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது, ஆளுநர் திருப்பியனுப்பினார், மீண்டும் நிறைவேற்றி 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. பணம் கேட்கிற ஆட்டம் எதுவானாலும் அது பிள்ளைக்கு ஆகாது.

இரண்டாம் பாம்பு, அடிமைத்தனம். விளையாட்டு அடிமைத்தனத்தை நோயென்றே உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. சீனத்திலே 2021இல், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் மட்டும் இரவில் ஒரு மணி நேரம் ஆடலாம் என்று கட்டுப்பாடு விதித்தார்கள். முடிவில்லாமல் ஆடவைப்பதற்கென்றே செய்யப்பட்ட ஆட்டங்கள் உண்டு. பாட ஆட்டமோ முடியவேண்டும். ஏணிக்கு உச்சி உண்டு. செக்குக்கு உச்சி கிடையாது.

மூன்றாம் பாம்பு டில்லியிலிருந்து வந்தது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று, 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்திற்று. இரண்டு மாதத்தில் ஒரு மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் நிறுத்தம். தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. "மறுதேர்வு இருக்கிறதே, அதுவும் நீங்கள் சொல்கிற மறுபடி ஆடுவதுதானே?" என்று வாதிடுவோர் உண்டு. இல்லை! ஆட்டத்தில் விழுந்தவன், தான் விழுந்த பள்ளத்துக்கு முன்னால் நிற்கிறான். அதை மட்டும் தாண்டினால் போதும். இங்கே விழுந்தவனை ஏணியின் அடிக்கே இழுத்துவந்து, ஓராண்டுப் படிகள் அத்தனையையும், தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து, மறுபடி ஏறச் சொல்கிறார்கள். தன் தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்காரவேண்டிய பத்து வயதுப் பிள்ளை, எத்தனை நாள் பள்ளிக்கு வரும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. நம் வீட்டுப் பிள்ளைக்கு? வலையும் வயலும்தான் காத்திருக்கின்றன.

நெரவி ஆடவேண்டிய ஆட்டம்

புதுவை மாநில அரசுப் பள்ளிகள் இன்று மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் நடக்கின்றன. அந்தப் புத்தகம் எங்கேயோ அச்சாகிறது. அதிலே அரசலாறு இருக்காது. நம் கடைமடை இருக்காது. புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன? ஆட்டத்திலே கொண்டுவருவோம். கைப்பேசி வேண்டாம், சுண்ணாம்புக்கட்டியும் புளியங்கொட்டையும் போதும். இதோ ஒன்று சொல்கிறேன். இன்று மாலையே ஆடிப்பார்க்கலாம்.

தரையிலே ஒரு நீண்ட கோடு, அதுதான் ஆறு. தலைமாட்டில் மேட்டூர். வழியிலே ஆறு மதகுகள். ஆறு பிள்ளைகள் நிற்கட்டும். ஒவ்வொருவரும் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர். ஆறாவது மதகு நெரவி. மேட்டூரிலே 60 புளியங்கொட்டை, அதுதான் தண்ணீர். ஒவ்வொரு மதகுக்கும் போய்ச் சேருமுன் ஆற்று மணல் ஒரு கொட்டையைக் குடித்துவிடும். பயிர் பிழைக்க ஒவ்வொரு மதகுக்கும் 8 கொட்டை தேவை.

முதல் ஆட்டத்தில் யாருக்கும் சட்டம் போடாதீர்கள். மேல்மடைக்காரன் ஆசைப்பட்டு 12 எடுப்பான். அடுத்தவனும் 12, அடுத்தவனும் 12, நான்காமவனும் 12. மணல் குடித்ததுபோக ஐந்தாமவனுக்கு 7 மிஞ்சும். ஆறாமவனுக்கு? நெரவிக்கு? ஒன்றுமில்லை! அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கடைமடை உழவனின் முகம் அது. பக்கம் பக்கமாக எழுதினாலும் புரியாதது ஒரே ஆட்டத்தில் புரிந்துவிடும்.

பிறகு, "மீண்டும் ஆடுங்கள், ஆறு பேரும் பிழைக்க வழி சொல்லுங்கள்" என்று விட்டுவிடுங்கள். அவர்களே கணக்குப் போடுவார்கள். ஆறு மதகுக்கு எட்டெட்டாக 48, மணலுக்கு 6, ஆக 54. அறுபதில் எல்லாரும் பிழைத்து, ஆறு மிச்சமும் உண்டு! அடுத்து, பஞ்ச ஆண்டு. மேட்டூரில் 42தான் இருக்கிறது. மணலுக்கு 6 போக 36, ஆளுக்கு ஆறு. யார் எதைக் குறைப்பது? ஆறு கொட்டையில் பிழைக்கிற பயிர் எது? இதோ வகுத்தல் வந்துவிட்டது, விகிதம் வந்துவிட்டது, வேளாண்மை வந்துவிட்டது. மேல்மடையில் நின்றவன் அடுத்த ஆட்டத்தில் கடைமடைக்கு வரவேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். நீதியும் வந்துவிடும்!

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உண்மை எண்களைக் கொடுங்கள். காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுவை மாநிலத்துக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஒதுக்கியது 7 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக்கு 404.25, கருநாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30 என்று வகுத்தபோதும் நமக்குரிய 7 மாறவில்லை. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் தண்ணீர் வந்தால் ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் கன அடி. அப்படியானால் நம் பங்கு முழுவதும் வந்துசேர எத்தனை நாள்? வகுத்துப் பார்க்கட்டும்: 81 நாள். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை நாளைக்கு அதிகாரியின் முன்னால் நின்று, "எங்கள் தண்ணீர் எங்கே?" என்று கேட்கும். கணக்குத் தெரியாதவனைத்தான் ஏமாற்ற முடியும்.

படிப்பகத்துக் கதவைத் திறங்கள்

ஒரு காலத்தில் நம் இயக்கத்தார் ஊருக்கு ஊர் படிப்பகம் திறந்தார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் செய்தித்தாளைப் படிக்க, தெரியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்டார்கள். கேட்டவர்கள் பிறகு படித்தார்கள்; படித்தவர்கள் பேசினார்கள்; பேசியவர்கள் ஆட்சியையே மாற்றினார்கள். அந்தப் படிப்பகங்களில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பூட்டைத் திறங்கள்! மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு விடுங்கள். பாய் விரியுங்கள், அட்டை வெட்டுங்கள், கல்லூரியில் படிக்கிற தம்பிகளும் தங்கைகளும் உட்காரட்டும். கணிப்பொறி தெரிந்த இளைஞன் ஒருவன் நம் கடைமடை ஆட்டத்தைத் திரையில் ஏற்றிக் கொடுப்பானேயானால், அவனுக்கு மாலை போடுங்கள். நம் மேடையில் தலைவருக்குப் போடுகிற மாலையைவிடப் பெரியதாகவே போடுங்கள்.

அரசிடம் கேட்கவேண்டியதையும் உரத்துக் கேட்போம். பொதுப்பணத்தில், தமிழில், கட்டணமில்லாத பாட ஆட்டங்கள் வேண்டும். சந்தாக் கடைக்காரர்களின் வாசலில் நம் பிள்ளைகளை நிற்கவைக்கக்கூடாது. ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். சுற்றறிக்கை மட்டும் போதாது. ஏணி வைக்காமல், "தேறவில்லை" என்கிற முத்திரை வைக்காதீர்கள்.

உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தோழரே! உம்மிடமும் ஒன்று கேட்பேன். இன்றிரவு பையன் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குமுன், பக்கத்தில் உட்காரும். "இதை எப்படி ஆடுவது, எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளும். சொல்லித் தருவான். எத்தனை தெளிவாக, எத்தனை வரிசையாகச் சொல்கிறான் என்பதைக் கவனியும். மண்டையில் ஒன்றும் ஏறாது என்று யாரோ சொன்னது பொய் என்று உமக்கே விளங்கும். பிறகு அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போய், ஆசிரியரிடம் பணிவோடும் உறுதியோடும் கேளும்: "என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான்? அடுத்த படி எது?"

அந்தக் கேள்வியை நெரவியிலே நூறு தகப்பன்மார் கேட்டால், பள்ளிக்கூடம் ஏணி தேடும். பிறப்பு என்கிற தாயக்கட்டையை உருட்டிக் காய் நகர்த்திய காலம் போதும். இனி, பிள்ளையின் முயற்சிக்கே காய் நகரட்டும்!